செல்டிக் சிலுவை பழங்கால வானியல் கருவியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலுவையின் கைகள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம் இருந்தால் அதைச் செல்டிக் சிலுவை என்கிறோம். இது வெறும் மதச் சின்னம் இல்லை, நட்சத்திரத்தைக் குறிபார்த்துக் கடலில் வழி கண்டுபிடிக்கப் பழங்காலத்தார் வைத்திருந்த கருவி என்று ஒரு கருத்து இணையத்தில் வெகுநாளாகச் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் என்னிடம் கேட்டவை, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில், இந்தச் சிலுவை எந்த ஊருடையது?

அயர்லாந்தும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையும்தான் தாயகம். கிட்டத்தட்ட 8ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரை அங்கிருந்த துறவி மடங்களின் வளாகத்தில் பெரிய பெரிய கற்சிலுவைகளை நிறுத்தினார்கள். அயர்லாந்தின் லௌத் மாவட்டத்தில் மொனாஸ்டர்பாய்ஸ் என்ற இடத்தில் இருக்கும் முய்ரெடக் சிலுவை ஐந்தரை மீட்டர் உயரம். அதே வளாகத்தில் இன்னொன்று ஏறக்குறைய ஏழு மீட்டர். ஒரு வீட்டின் மொட்டை மாடியைத் தாண்டும் உயரம். உடம்பு முழுக்க பைபிள் கதைகளைச் செதுக்கியிருப்பார்கள்.

ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நாம் பார்க்கும் சின்ன வளையச் சிலுவைகள் அவ்வளவு பழையவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தில் பழம்பெருமை மீது ஒரு மோகம் வந்தது. 1853இல் டப்ளினில் நடந்த பெரிய பொருட்காட்சியில் பழைய சிலுவைகளின் வார்ப்பு நகல்களை வைத்தார்கள். அதற்கப்புறம் கல்லறைக் கல் செய்பவர்களுக்கு இந்த வடிவம் பிடித்துப்போய்விட்டது.

கருவி என்று சொல்வது யார்? சரியாக என்ன சொல்கிறார்கள்?

இதைப் பரப்பியவர் பிரிட்டனைச் சேர்ந்த கிரிக்டன் மில்லர். பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர். அவர் சொல்வது சுருக்கமாக இது: ஒரு சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். வளையத்தின் ஓரத்தில் டிகிரி கோடுகள் போடுங்கள். சிலுவையின் ஒரு கை வழியாக நட்சத்திரத்தைக் குறிபார்த்தால் சிலுவை சாயும், குண்டு மட்டும் பூமியைப் பார்த்து நேராகத் தொங்கும். குண்டின் நூல் வளையத்தில் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அடிவானத்திலிருந்து அந்த நட்சத்திரத்தின் உயரக் கோணம். இதை வைத்து அட்சரேகை கண்டுபிடிக்கலாம், நேரம் பார்க்கலாம், தீர்க்கரேகைகூடக் கணிக்கலாம். பிரமிடு கட்டியவர்களும் கல்வட்டம் நட்டவர்களும் இதைத்தான் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் விஷயம் மறந்துபோய் வடிவம் மட்டும் சின்னமாகத் தங்கிவிட்டது என்பது வாதம்.

கேட்க அழகாக இருக்கிறது. முதல் பாதி உண்மையும்கூட.

அப்படியென்றால் அது வேலை செய்யுமா?

செய்யும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் குண்டையும் பள்ளிக்கூடப் பாகைமானியையும் சேர்த்தால் என்ன கிடைக்குமோ அதுதான் இது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8, சென்னையில் 13.

நானும் செய்து பார்த்தேன். ஒட்டுப்பலகையில் இரண்டு சட்டம், நடுவில் ஆணி, நூலில் கட்டிய ஒரு நட்டு, பாகைமானியை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய வளையம். சென்னையில் மொட்டை மாடியில் நின்று மூன்று முறை அளந்தேன். முதல் முறை 11, அடுத்து 14½, கடைசியில் 12. சென்னை இருப்பது 13இல். ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கி.மீ. ஆக, முதல் அளவைப்படி நான் காரைக்கால் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், இரண்டாவதன்படி நெல்லூரில். என் கை சுத்தமில்லை என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் காற்று. குண்டு ஒரு கணமும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் குறிபார்க்க, இன்னொருவர் நூலைப் பார்த்துச் சொன்னால்தான் வேலை நடக்கிறது.

அசையாத மாடியில் இந்தக் கதி. உருளும் படகில் நினைத்துப் பாருங்கள். கப்பல் ஆடும்போது குண்டும் சேர்ந்து ஆடும், அது காட்டும் 'நேர் கீழ்' உண்மையில் நேர் கீழாக இருக்காது. குண்டு வைத்த கருவிகள் எல்லாவற்றுக்கும் இருந்த பழைய தலைவலி இது. முடிந்தபோதெல்லாம் மாலுமிகள் கரையிறங்கி நின்றே அளந்தார்கள்.

அவருக்குக் காப்புரிமை கிடைத்ததே, அது நிரூபணம் இல்லையா?

பிரிட்டனில் காப்புரிமை கொடுத்தது உண்மை. ஆனால் காப்புரிமை அலுவலகம் வரலாற்றை ஆராய்ந்து முத்திரை குத்தும் இடம் அல்ல. சாதனம் புதியதா என்றுதான் பார்க்கும். ஐயாயிரம் வருஷமாக எல்லோரும் பயன்படுத்திய பொருள் என்று உறுதியாகியிருந்தால் புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை, விண்ணப்பம் அங்கேயே விழுந்திருக்கும். இந்த ஆதாரத்தை நீட்டுபவர்கள் அது எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று யோசிப்பதில்லை.

கற்சிலுவைக்கு வளையம் எதற்கு? அளவுகோல் இல்லையென்றால் வேறு என்ன?

இதற்குச் சுவையான பதில் ஐயோனா தீவில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள சின்னத் தீவு அது. புனித கொலம்பா 563இல் அங்கே மடம் அமைத்தார். 8ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்த மடத்தார் புனித ஜான் சிலுவையை எழுப்பினார்கள். கைகளின் அகலம் மட்டும் 2.2 மீட்டர். ஒரே கல்லில் செய்யாமல், தச்சர் மரத்தைக் கோப்பதுபோலத் துண்டுகளைப் பொருத்திச் செய்தது. அவ்வளவு நீளமான கை இரண்டு பக்கமும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? முதலில் வளையம் இல்லாமல்தான் நிறுத்தினார்கள், அது தாங்காமல் போகவே கைகளுக்கு முட்டுக்கொடுக்க வளையத்தைப் பிறகு பொருத்தினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. கல்லில் செய்த வளையச் சிலுவைக்கு இதுவே மூலமாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இந்தச் சிலுவைக்கு விழுவது புதிதல்ல: 1951இல் காற்றில் விழுந்தது, திரும்ப நிறுத்தினால் 1957இல் மறுபடி விழுந்தது. இப்போது வெளியே நிற்பது 1970இல் செய்த கான்கிரீட் நகல், அசல் துண்டுகள் மடத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

வடிவத்துக்கு வேறு வேர்களும் உண்டு. வெற்றி மாலைக்குள் கிறிஸ்துவின் பெயரெழுத்துகளை வைப்பது ரோமானியக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்களும் துணியில் வளையச் சிலுவை நெய்திருக்கிறார்கள். டிப்பெரரி மாவட்டத்தில் அஹென்னி என்ற ஊரில் இருக்கும் சிலுவைகளில் உலோக வேலையின் குமிழ்களைக்கூட அப்படியே கல்லில் காப்பியடித்திருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பழைய பொருளைக் கல்லுக்கு மாற்றியவர்கள் டிகிரி கோடுகளை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வளையத்தில் பின்னல் வேலைப்பாடு இருக்கிறது, பாம்புகள் இருக்கின்றன. அளவுக்கோடு இல்லை.

கல் சிலுவை நினைவுச்சின்னம்தான், நிஜக் கருவி மரத்தில் இருந்து அழிந்துபோயிருக்கலாம் அல்லவா?

மரம் மக்கிப்போகும், சரி. ஆனால் குண்டு மக்காது. வெண்கல மூட்டு மக்காது. கப்பல்கள் மூழ்கிய இடங்களில் மண்சட்டி முதல் தாயக்கட்டை வரை எடுக்கிறார்கள். அதைவிட முக்கியம், ஒரு கருவி புழக்கத்தில் இருந்தால் அதைப்பற்றி யாராவது எழுதுவார்கள், திட்டுவார்கள், படம் போடுவார்கள். அயர்லாந்துத் துறவிகள் எழுத்துப் பைத்தியங்கள். அவர்கள் எழுதியது நிறையவே நம்மிடம் இருக்கிறது.

அந்தத் துறவிகளுக்கு வானியல் தெரியுமா?

நன்றாகவே தெரியும். கருவிக் கதை இந்த உண்மையான கதையை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

ஈஸ்டர் பண்டிகையின் தேதி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணிக்க வேண்டியது. அந்தக் கணக்கில் ஐரிஷ் மரபுக்கும் ரோம மரபுக்கும் சண்டையே நடந்தது. 664இல் இங்கிலாந்தில் விட்பி என்ற இடத்தில் சபை கூடி ரோமின் கணக்கை ஏற்றார்கள். அதே வருஷம் மே 1ஆம் தேதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிந்திருக்கின்றன.

டிக்யுல் என்று ஓர் ஐரிஷ் துறவி. 825இல் உலகத்தின் அளவுகளைப்பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். வடக்கே தூலே என்ற தீவுக்குப் போய்வந்த துறவிகள் முப்பது வருஷத்துக்கு முன் தன்னிடம் சொன்னதை அதில் எழுதுகிறார். அது ஐஸ்லாந்து என்று பொதுவாகக் கருதுகிறார்கள். கோடையின் மிக நீண்ட பகல் வரும் நாட்களில் சூரியன் ஒரு சின்னக் குன்றின் பின்னால் ஒளிவதுபோல மறைகிறதாம், இருட்டே வருவதில்லையாம், சட்டையில் பேன் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்குமாம். நான் படித்த வானியல் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பேன்தான். எத்தனை நாள் பாய் விரித்தால் எந்தத் தீவு வரும் என்றும் அவர் சொல்கிறார். சிலுவையை வைத்து நட்சத்திரத்தை அளந்ததாகச் சொல்லவில்லை.

வானியல் வேலை செய்த சிலுவை ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறதே! இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில் பியூகாஸில் என்ற ஊரில் தேவாலய முற்றத்தில் ஒரு சிலுவைத் தண்டு நிற்கிறது. பழைய ஆங்கிலேயர்களான ஆங்கிலோ-சாக்சன்களின் வேலை, 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு. தலைப்பகுதி காணாமல் போய்விட்டது. அதன் தெற்கு முகத்தில் ஒரு நிழற்கடிகாரம் செதுக்கியிருக்கிறது. எதற்கு? தொழுகை வேளை பார்ப்பதற்கு. அயர்லாந்தில் கெர்ரி மாவட்டத்தில் கில்மல்கேடர் மடத்திலும் இப்படி ஒரு நிழற்கடிகாரக் கல் உண்டு. அளவுக்கருவி என்றால் அதில் கோடு இருக்கும், அந்தக் கோடு எதற்கென்று பார்த்தவுடன் புரியும். இவை இரண்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

தீர்க்கரேகையும் கணிக்கலாம் என்கிறார்களே?

இங்கேதான் கதை முற்றிலும் சறுக்குகிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால், நாம் கிளம்பிய ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்குப் பெரிய பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் வாழ்நாள் முழுக்கக் கடிகாரம் செய்து பார்த்தார், அவருடைய நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கிளம்பிய பயணத்தில் தன் துல்லியத்தைக் காட்டியது.

கடிகாரம் இல்லாத வழி, நிலவையே கடிகாரமாக வைத்துக்கொள்வது. நட்சத்திரங்களுக்கு நடுவே நிலவு ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரி அளவுதான் நகரும். எனவே அளவில் வரும் பிழை தீர்க்கரேகையில் 27 மடங்கு பெரிதாகிவிடும். சிலுவையில் கால் டிகிரி பிழையோடு அளந்தீர்கள் என்று வையுங்கள், அது என்னால் முடிந்ததைவிட எவ்வளவோ துல்லியம். தீர்க்கரேகை ஏழு டிகிரி தவறும். நிலநடுக்கோட்டில் அது 700 கி.மீ.க்கும் மேல். இதற்கு நிலவு எந்த நாளில் எங்கே இருக்கும் என்ற அட்டவணையும் முன்கூட்டியே வேண்டும். பிரிட்டனில் மாலுமிகளுக்கான அந்த அட்டவணை 1767ஆம் ஆண்டிலிருந்துதான் அச்சானது.

அட்சரேகைக்கே அந்தக் காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. இன்று துருவத்தை ஒட்டி இருக்கும் நட்சத்திரம், கற்சிலுவைகள் எழுந்த காலத்தில் துருவத்திலிருந்து ஆறேழு டிகிரி தள்ளி இருந்தது. பூமியின் அச்சு மெதுவாகத் தலையாட்டுவதால் வரும் மாற்றம் இது. அளப்பவர் இரவில் எந்த நேரத்தில் அளக்கிறோம் என்று பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

பிரமிடுக்குள் இந்தக் கருவியின் பாகங்கள் கிடைத்ததாமே?

1872இல் வேய்ன்மன் டிக்சன் என்ற பொறியாளர் கீஸாவின் பெரிய பிரமிடில், ராணி அறை என்று சொல்லப்படும் இடத்தின் சுவரில் மறைந்திருந்த குறுகிய துளைவழிகளைக் கண்டுபிடித்தார். உள்ளே மூன்று பொருட்கள்: ஒரு கல் உருண்டை, செம்பில் செய்த ஒரு கொக்கி, ஒரு தேவதாரு மரத்துண்டு. உருண்டை தூக்குக்குண்டு, மரம் அளவுச்சட்டம், ஆக இது சிலுவைக் கருவி என்பது கோட்பாட்டாளர்களின் வாசிப்பு.

உருண்டையும் கொக்கியும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரத்துண்டு வெகுகாலம் காணாமல் போயிருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில், ஆசியப் பொருட்களோடு கலந்து, ஒரு சுருட்டு டப்பாவுக்குள் கிடந்ததை அங்கே பணிபுரிந்த எகிப்தியப் பெண்மணி ஒருவர் கண்டெடுத்தார். 2020 டிசம்பரில் பல்கலைக்கழகம் அறிவித்தது. கார்பன் சோதனையில் மரத்தின் வயது கி.மு. 3341க்கும் 3094க்கும் இடையில் என்று வந்தது. பிரமிடைவிடச் சில நூற்றாண்டுகள் பழைய மரம்.

இப்போது அது துண்டு துண்டாக இருக்கிறது. அதில் கோடுகளும் இல்லை, குறுக்குச் சட்டம் பொருத்திய இடமும் இல்லை. கட்டட வேலையில் உருண்டையும் கொக்கியும் மரமும் கிடப்பது ஆச்சரியமா என்ன?

பழங்காலத்தில் குறுக்குச் சட்டமும் குண்டும் வைத்த கருவி இருந்ததே இல்லை என்கிறீர்களா?

இல்லையே, இருந்தது. ரோமானிய நில அளவையாளர்கள் 'குரோமா' என்று ஒன்று வைத்திருந்தார்கள். கம்பத்தின் மேல் ஒரு சிலுவை, நான்கு முனையிலும் நான்கு குண்டு. நேர்கோடும் செங்கோணமும் போட அது. 1912இல் பொம்பேயியின் ஒரு பட்டறையில் அதன் உலோகப் பாகங்கள் கிடைத்தன. எகிப்தியர்களிடம் 'மெர்கெட்' இருந்தது, குண்டு கட்டிய சட்டம், இரவில் நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நேரம் பார்க்க. இவை இரண்டுக்கும் பொருளும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது.

பார்ப்பதற்கு அச்சு அசலாகச் செல்டிக் சிலுவையைப் போலவே இருக்கும் கருவியும் ஒன்று உண்டு: போர்ச்சுகீசிய மாலுமிகளின் அஸ்ட்ரோலேப். கனமான பித்தளை வளையம், உள்ளே குறுக்குச் சட்டங்கள், நடுவில் சுழலும் குறிபார்க்கும் கம்பி. தட்டு முழுதாக இருந்தால் காற்று பிடித்து ஆட்டும் என்பதால் நடுவை வெட்டி எடுத்தார்கள், சிலுவை மிஞ்சியது. யாருடைய மத நம்பிக்கையும் அதற்குக் காரணம் இல்லை. தோற்றம் ஒன்றாக இருந்தால் பயனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கடற்கரை மாலுமிகள் என்ன செய்தார்கள்?

குண்டே இல்லாமல் வேலையை முடித்தார்கள். ஒரு சின்னச் செவ்வகப் பலகை, நடுவில் துளை, அதில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபு மாலுமிகள் கமால் என்றார்கள், சோழமண்டலக் கரையில் ராப்பலகை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். அந்த முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிறு விறைப்பாக நிற்கும்படி பலகையை நீட்டுவார்கள். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தில் உட்கார, மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் தொட்டால் அந்தத் துறைமுகத்தின் நேருக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அப்புறம் கிழக்கோ மேற்கோ திரும்பி ஓட்ட வேண்டியதுதான். 1850இல்கூட இது புழக்கத்தில் இருந்ததை காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் எழுதி வைத்திருக்கிறார்.

படகு ஆடினாலும் அடிவானம் ஆடாது. அதனால் குண்டு வைத்த சிலுவையைவிட இது கடலுக்குப் பொருத்தமானது. டிகிரி, எண், படிப்பு எதுவும் வேண்டாம்.

பரங்கிமலைச் சிலுவையும் இந்த வகையா?

இல்லை. அது பாரசீக மரபுச் சிலுவை, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து.

குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டில் 'செல்டிக் கிராஸ்' என்கிறார்களே?

சீட்டுகளைப் பரப்பி வைக்கும் ஒரு முறைக்கு அந்தப் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமானது. கற்சிலுவைக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே ஒரு இடம் என்றால் மொனாஸ்டர்பாய்ஸ். முய்ரெடக் சிலுவையின் கிழக்கு முகத்தில் இறுதித் தீர்ப்பு, மேற்கு முகத்தில் சிலுவைப்பாடு. தண்டின் அடியில், இந்தச் சிலுவையைச் செய்வித்த முய்ரெடக்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஐரிஷ் மொழியில் ஒரு வரி, பக்கத்தில் இரண்டு பூனைகள். பூனைகளைப் பார்க்கக் குனிய வேண்டும்.

அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் நாட்களில் விடியும் சூரியன் வாசலுக்கு மேலுள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளறைவரை பாய்கிறது. 1967 டிசம்பர் 21 அன்று தொல்லியல் அறிஞர் மைக்கேல் ஓகெல்லி உள்ளே காத்திருந்து அதை நேரில் பார்த்தார். வானத்தைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதற்கு அங்கே விளக்கம் தேவைப்படுவதில்லை, வெளிச்சமே வந்து சொல்லிவிடுகிறது.

நேரம் மிச்சமிருந்தால் கடலைத் தாண்டி பியூகாஸிலுக்கும் போங்கள். நிழற்கடிகாரத்தில் நிழல் விழவைத்த குச்சி எப்போதோ போய்விட்டது. அது இருந்த துளையும் சுற்றிச் செதுக்கிய கோடுகளும் இன்னும் இருக்கின்றன.